அமெரிக்கக் காற்பந்தாட்ட நுழைவுச்சீட்டு

அமெரிக்கக் காற்பந்தாட்ட நுழைவுச்சீட்டு என்பது, என்.எஃப்.எல். எனச் சுருக்கமாக அழைக்கப்படும் தேசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் தொழில்முறை ஆட்டங்களை அரங்கில் நேரில் காண்பதற்கான அனுமதியாகும். இங்கு காற்பந்தாட்டம் என்பது உலகின் பிற பகுதிகளில் அப்பெயரால் அறியப்படும் ஆட்டத்தைக் குறிக்காது. நீள்கோள வடிவப் பந்தைக் கையிலேந்தி ஓடியும் எறிந்தும் அணிக்குப் பதினொருவராக ஆடும் அமெரிக்க ஆட்டத்தையே குறிக்கும்.

இவ்வாட்டத்தின் நுழைவுச்சீட்டுகள் திரையரங்கச் சீட்டைப் போல ஒரே ஓரிடத்தில், ஒரே விலையில் விற்கப்படுவதில்லை. ஆண்டு முழுமைக்கும் சேர்த்து விற்கப்படும் பருவச்சீட்டு, அப்பருவச்சீட்டை வாங்கும் உரிமையைத் தரும் இருக்கை உரிமம், ஓர் ஆட்டத்துக்கு மட்டுமான தனியாட்டச் சீட்டு, ஒருவர் வாங்கியதைப் பிறருக்கு விற்கும் மறுவிற்பனை எனப் பல அடுக்குகளாக இச்சந்தை அமைந்துள்ளது. ஒவ்வோர் அடுக்கிலும் வாங்குபவர் பெறும் உரிமை வெவ்வேறானது. செலுத்தும் தொகை பெரிதாயினும் பெறும் உரிமை பெரும்பாலும் நிபந்தனைக்குட்பட்ட அனுமதி மட்டுமே என்பது இச்சந்தையின் முதன்மையான இயல்பாகும்.

பின்னணி

தேசியக் காற்பந்துக் கூட்டமைப்பு 1920 ஆம் ஆண்டு ஒகையோ மாநிலத்தின் கேன்டன் நகரில் தொடங்கப்பட்டது. 1922 இல் தற்போதைய பெயரைப் பெற்றது. இதில் 32 அணிகள் உள்ளன. 2021 ஆம் ஆண்டு முதல் ஒவ்வோர் அணியும் வழமையான பருவத்தில் 17 ஆட்டங்களை ஆடுகிறது. அதற்கு முன் 1978 முதல் 16 ஆட்டங்கள் என்பதே பொது வழக்காக இருந்தது. 17 ஆட்டங்களில் 8 அல்லது 9 மட்டுமே சொந்தக் களத்தில் நடைபெறுபவை. இவற்றுடன் தரவரிசைக்குக் கணக்கில் கொள்ளப்படாத முன்பருவ ஆட்டங்கள் ஒன்றோ இரண்டோ சேர்ந்து, ஓர் அணியின் அரங்கில் ஆண்டுக்குப் பத்து ஆட்டங்கள் அளவிலேயே நடைபெறுகின்றன.

அமெரிக்காவின் பிற விளையாட்டுகளுடன் ஒப்பிட்டால் இதன் பொருள் விளங்கும். தொழில்முறை அடிபந்தாட்டத்தில் ஓர் அணி சொந்தக் களத்தில் 81 ஆட்டங்களையும், கூடைப்பந்தாட்டத்தில் 41 ஆட்டங்களையும் ஆடுகிறது. அவ்விளையாட்டுகளில் ஒரு நாள் தவறினால் மற்றொரு நாள் செல்லலாம். காற்பந்தாட்டத்தில் ஒரே எதிரணி ஒரே நகருக்கு மீண்டும் வருவதற்குப் பல ஆண்டுகள் ஆகக்கூடும். அரங்குகள் 60,000 முதல் 80,000 பேர் வரை அமரக்கூடியனவாக இருந்தும் சீட்டுக்குத் தட்டுப்பாடு நிலவுவதற்கு இதுவே அடிப்படைக் காரணமாகும். கீழே விளக்கப்படும் விற்பனை முறைகள் பலவும் இத்தட்டுப்பாட்டின் விளைவாகத் தோன்றியவையே.

பருவச்சீட்டு

ஓர் அணியின் சொந்தக் களத்து ஆட்டங்கள் அனைத்துக்கும், ஒரே இருக்கையில் அமரும்படி மொத்தமாக விற்கப்படுவது பருவச்சீட்டு ஆகும். பெரும்பாலான அணிகளின் இருக்கைகளில் மிகுதியானவை இவ்வாறே விற்பனையாகின்றன. பருவச்சீட்டு வைத்திருப்பவருக்கு மறு ஆண்டு அதே இருக்கையைப் புதுப்பித்துக்கொள்ளும் வாய்ப்பும், சொந்தக் களத்தில் வெளியேற்றச் சுற்று ஆட்டம் நடைபெற்றால் அதற்கான சீட்டை முதலில் வாங்கும் வாய்ப்பும் வழமையாக அளிக்கப்படுகின்றன. குறித்த நாளுக்குள் புதுப்பிக்காதவரின் இருக்கை பிறருக்குச் சென்றுவிடும்.

காத்திருப்போர் பட்டியல்

பருவச்சீட்டுகள் முழுதும் விற்றுவிட்ட அணிகள் காத்திருப்போர் பட்டியலைப் பேணுகின்றன. இவற்றுள் மிகவும் பெயர்பெற்றது விசுகான்சின் மாநிலத்தின் கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் பட்டியலாகும். இவ்வணியின் லாம்போ களத்தில் 1960 ஆம் ஆண்டு முதல் பருவச்சீட்டுகள் முழுமையாக விற்றுத் தீர்ந்துவருகின்றன. 2020 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கிரீன் பே நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 1,07,000. காத்திருப்போர் பட்டியலில் உள்ள பெயர்களும் ஓர் இலட்சத்தைத் தாண்டியவை. அரங்கின் கொள்ளளவோ 81,441. குழந்தை பிறந்தவுடன் அதன் பெயரைப் பட்டியலில் பதிவு செய்யும் பெற்றோரும் உண்டு. இருக்கைகள் குடும்பத்தினருக்கு மாற்றித்தர அனுமதிக்கப்படுவதால் அவை தலைமுறை தலைமுறையாகக் கைமாறுகின்றன. பட்டியல் மெதுவாக நகர்வதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

பேக்கர்ஸ் அணி தனியொரு முதலாளிக்கு உரியதன்று. இலாப நோக்கற்ற கழகமாக, பொதுமக்கள் பலரிடம் உள்ள பங்குகளின் அடிப்படையில் இயங்குகிறது. எனினும் பங்கு வைத்திருப்பவருக்குச் சீட்டு வாங்குவதில் எவ்வித முன்னுரிமையும் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது. சட்டப்படி அணியின் பங்குதாரராக இருப்பவர், அதன் ஆட்டத்தைக் காணப் பல்லாண்டுகள் காத்திருக்க நேரிடலாம்.

இவ்வணி 1933 முதல் 1994 வரை தன் ஆட்டங்களில் சிலவற்றை மில்வாக்கி நகரில் ஆடிவந்தது. 1995 முதல் எல்லா ஆட்டங்களும் கிரீன் பேயில் நடைபெறுகின்றன. மில்வாக்கியில் சீட்டு வைத்திருந்தோரைக் கைவிடாமல் இருப்பதற்காகப் பருவச்சீட்டு இரு தொகுப்புகளாகப் பிரிக்கப்பட்டது. மில்வாக்கியினருக்கான பொன்னிறத் தொகுப்பில் ஒரு சில ஆட்டங்களும், கிரீன் பேயினருக்கான பச்சைத் தொகுப்பில் எஞ்சியவையும் அடங்கும்.

முன்பருவ ஆட்டங்கள்

பருவச்சீட்டு வாங்குபவர் முன்பருவ ஆட்டங்களுக்கும் சேர்த்தே விலை கொடுக்க வேண்டியுள்ளது. இவ்வாட்டங்களில் முன்னணி வீரர்கள் சிறிது நேரமே ஆடுவர், அல்லது ஆடாமலே இருப்பர். மறுவிற்பனையில் இச்சீட்டுகள் மிகக் குறைந்த விலைக்கே போகின்றன. விரும்பும் பொருளுடன் விரும்பாத பொருளையும் சேர்த்து வாங்கக் கட்டாயப்படுத்துவது போட்டிச் சட்டத்துக்கு முரணானது என்று கூறி, பஃபலோ பில்ஸ் அணியின் பருவச்சீட்டு வைத்திருந்த ஒருவர் வழக்குத் தொடுத்தார். 1974 ஆம் ஆண்டு கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. முன்பருவ ஆட்டங்களின் எண்ணிக்கை பின்னாளில் அணிக்கு நான்கிலிருந்து மூன்றாகக் குறைக்கப்பட்டபோதிலும், மொத்தமாக விற்கும் முறை தொடர்கிறது.

இருக்கை உரிமம்

பருவச்சீட்டை வாங்குவதற்கான உரிமையையே தனியொரு பொருளாக விற்பது இருக்கை உரிமம் எனப்படுகிறது. அமெரிக்காவில் இது பி.எஸ்.எல். என்ற சுருக்கப் பெயரால் அறியப்படுகிறது. உரிமத்தொகையை வாங்குபவர் ஒருமுறை செலுத்துகிறார். அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் சீட்டுக்கான விலையைத் தனியே செலுத்த வேண்டும். ஓராண்டு செலுத்தத் தவறினால் உரிமமும் பறிபோகலாம். உரிமத்தைப் பிறருக்கு விற்பதற்குப் பெரும்பாலான அணிகள் இடமளிக்கின்றன.

இம்முறையின் முன்மாதிரிகள் அதற்கு முன்பே இருந்தன. 1971 இல் திறக்கப்பட்ட டெக்சசு அரங்கத்துக்காக டாலஸ் கௌபாய்ஸ் அணி, பருவச்சீட்டு வாங்க விரும்பியோரிடம் கடன் பத்திரங்களை விற்றது. தற்போதைய வடிவிலான உரிமம் 1993 இல் கரோலினா பாந்தர்ஸ் அணியால் பரவலாக அறியப்பட்டது. சார்லட் நகரில் 1996 இல் திறக்கப்பட்ட அதன் அரங்கம் பெருமளவு இவ்வுரிமத் தொகையைக் கொண்டே கட்டப்பட்டது.

உரிமங்கள் பரவியதற்குக் கூட்டமைப்பின் வருவாய்ப் பகிர்வு முறையும் ஒரு காரணமாகும். நுழைவுச்சீட்டு வருவாயில் 34 விழுக்காடு வருகை அணிகளுக்கான பொதுத் தொகுப்பில் சேர்க்கப்பட்டுப் பகிரப்படுகிறது. அரங்கக் கட்டுமானத்துக்குச் செலவிடப்படும் உரிமத் தொகைக்கு இப்பகிர்விலிருந்து விலக்கு அளிக்கப்படுகிறது. எனவே சீட்டின் விலையை உயர்த்துவதைக் காட்டிலும் உரிமத்தை விற்பது உள்ளூர் அணிக்கு மிகுந்த பயன் தருகிறது.

2009 இல் ஆர்லிங்டனில் திறக்கப்பட்ட டாலஸ் கௌபாய்ஸ் அரங்கில் மிக உயர்ந்த வகை உரிமத்தின் விலை 1,50,000 டாலர்கள். 2010 இல் திறக்கப்பட்ட மெட்லைஃப் அரங்கை நியூயார்க் ஜயன்ட்ஸ், நியூயார்க் ஜெட்ஸ் ஆகிய இரு அணிகளும் பகிர்ந்துகொள்கின்றன. ஜயன்ட்ஸ் அணி எல்லா இருக்கைகளுக்கும் 1,000 முதல் 20,000 டாலர்கள் வரை உரிமத்தொகை நிர்ணயித்தது. ஜெட்ஸ் அணி மேலடுக்கு இருக்கைகளுக்கு உரிமம் கோரவில்லை. ஒரே அரங்கின் ஒரே மேலடுக்கு இருக்கைக்கு, எந்த அணி ஆடுகிறது என்பதைப் பொறுத்து விதி மாறியது.

அணி இடம்பெயர்தல்

அமெரிக்காவில் தொழில்முறை அணிகள் நகரை விட்டு நகர் செல்வது உண்டு. அவ்வாறு செல்லும்போது உரிமத்தின் நிலை என்ன என்பது சிக்கலான கேள்வியாகும். ராம்ஸ் அணி 1995 இல் லாஸ் ஏஞ்சலசிலிருந்து செயின்ட் லூயிசு நகருக்கு வந்தபோது, இடமாற்றச் செலவுக்கான பணம் இருக்கை உரிமங்களை விற்றே திரட்டப்பட்டது. 2016 இல் அவ்வணி லாஸ் ஏஞ்சலசுக்கே திரும்பிச் சென்றது. உரிமம் வைத்திருந்தோர் நீதிமன்றத்தை நாடினர். பின்னர் ஏற்பட்ட உடன்பாட்டின் வழியாகத் தொகையின் ஒரு பகுதியே திரும்பக் கிடைத்தது.

1995 இல் ஓக்லாந்து நகருக்குத் திரும்பிய ரெய்டர்ஸ் அணிக்காகவும் பத்தாண்டு உரிமங்கள் விற்கப்பட்டன. விற்பனை எதிர்பார்த்த அளவு நடைபெறவில்லை. அரங்கைப் புதுப்பிக்க வாங்கிய கடனின் சுமை நகரின் மீதும் மாவட்டத்தின் மீதும் விழுந்தது. 2020 இல் ரெய்டர்ஸ் அணி லாஸ் வேகாசு நகருக்குச் சென்றுவிட்டது.

தனியாட்டச் சீட்டு

பருவச்சீட்டுகள் போக எஞ்சியவை ஓர் ஆட்டத்துக்கான சீட்டுகளாக விற்கப்படுகின்றன. பருவத்துக்கான முழு அட்டவணை வழமையாக மே மாதத்தில் வெளியிடப்படுகிறது. அதையொட்டியே தனியாட்டச் சீட்டு விற்பனையும் தொடங்குகிறது. பெரும்பாலான அணிகளுக்கு டிக்கெட்மாஸ்டர் நிறுவனமும், டாலஸ் உள்ளிட்ட சில அணிகளுக்கு சீட்கீக் நிறுவனமும் முதன்மை விற்பனையாளராகச் செயல்பட்டு வந்துள்ளன. சீட்டு எங்கே விற்கப்படுகிறது என்பதை அந்தந்த அணியின் அலுவல்முறை இணையத்தளத்திலிருந்து அறிந்துகொள்வதே பாதுகாப்பானது.

விலையை நிர்ணயிக்கும் காரணிகள் வருமாறு:

- எதிரணி: நீண்டநாள் போட்டியாளர்களும், இரசிகர்கள் நாடெங்கும் பரவியுள்ள அணிகளும் வரும் ஆட்டங்களுக்கு விலை மிகுதி.
- இருக்கையின் இடம்: களத்தின் நீளம் 100 யார், இரு முனைகளிலும் 10 யார் நீளமுள்ள இறுதிப் பகுதிகள் உள்ளன. 50 யார் கோட்டுக்கு நேராக, கீழடுக்கில் அமைந்த இருக்கைகள் விலை மிக்கவை. இறுதிப் பகுதிகளுக்குப் பின்னால் உள்ளவையும் மேலடுக்கின் மூலைகளும் விலை குறைந்தவை.
- உயரம்: களத்துக்கு மிக அண்மையில் உள்ள முதல் சில வரிசைகளிலிருந்து, ஓரத்தில் நிற்கும் வீரர்களும் பயிற்சியாளர்களும் மறைப்பதால் ஆட்டம் முழுமையாகத் தெரிவதில்லை. சற்று உயரத்திலிருந்து வீரர்களின் வியூகம் நன்கு விளங்கும்.
- காலநிலை: பருவம் செப்டெம்பரில் தொடங்கி சனவரி வரை நீள்கிறது. கூரையற்ற வட மாநில அரங்குகளில் டிசம்பர் மாத ஆட்டங்கள் உறைபனியில் நடைபெறும்.
- இருக்கை வகை: உணவு, தனி நுழைவாயில் முதலிய வசதிகளுடன் கூடிய மன்ற இருக்கைகளும், பலர் சேர்ந்து வாடகைக்கு எடுக்கும் தனியறைகளும் பொது இருக்கைகளினும் பன்மடங்கு விலையுள்ளவை.

அட்டவணை மாற்றம்

அட்டவணையில் குறிக்கப்பட்ட நாளும் நேரமும் இறுதியானவை அல்ல. தொலைக்காட்சியில் சிறந்த ஆட்டத்தைக் காட்டும் பொருட்டு, பருவத்தின் பிற்பகுதியில் ஞாயிறு பகல் ஆட்டத்தை இரவுக்கு மாற்றும் முறை 2006 இல் தொடங்கியது. 2023 முதல் திங்கள், வியாழன் ஆட்டங்களுக்கும் இம்முறை விரிவாக்கப்பட்டது. கடைசி வார ஆட்டங்களின் நேரம் அதற்கு முந்தைய வாரத்துக்குப் பின்னரே உறுதி செய்யப்படுகிறது. தொலைவிலிருந்து வருவோருக்கு வானூர்திப் பயணமும் விடுதிச் செலவும் வீணாகக்கூடிய இடர் இதில் உண்டு. நேரம் மாறியதற்காகச் சீட்டுப் பணம் பொதுவாகத் திருப்பித் தரப்படுவதில்லை.

மறுவிற்பனை

சீட்டு வாங்கியவர் அதை வேறொருவருக்கு விற்பது மறுவிற்பனை ஆகும். முற்காலத்தில் இது அரங்க வாயிலில் நடைபெற்ற கள்ளச் சந்தையாகக் கருதப்பட்டது. பல மாநிலங்கள் இதற்கு வரம்பு விதித்தன. மாசசூசெட்சு மாநிலத்தின் 1924 ஆம் ஆண்டுச் சட்டம், முகமதிப்புக்கு மேல் 2 டாலரும் சேவைச் செலவும் மட்டுமே பெற அனுமதித்தது. இணையம் பரவிய பின் இத்தகைய வரம்புகளைப் பல மாநிலங்கள் கைவிட்டன. நியூயார்க் மாநிலம் 2007 இல் விலை வரம்பை நீக்கியது.

2000 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஸ்டப்ஹப் நிறுவனம் மறுவிற்பனையை இணையத்துக்குக் கொண்டுவந்ததில் முன்னோடியாகும். ஈபே நிறுவனம் 2007 இல் இதை 310 மில்லியன் டாலர்களுக்கு வாங்கியது. 2020 இல் இது வியாகோகோ நிறுவனத்தின் கைக்கு மாறியது. அணிகள் தொடக்கத்தில் இவ்வணிகத்தை எதிர்த்தன. நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணி 2006 இல் ஸ்டப்ஹப் மீது வழக்குத் தொடுத்தது. தன் ஆட்டங்களுக்கான சீட்டை அத்தளத்தில் வாங்கிய, விற்ற ஏறத்தாழ 13,000 பேரின் பெயர்களைப் பெற நீதிமன்ற ஆணையும் பெற்றது. விதியை மீறி விற்ற பருவச்சீட்டாளரின் இருக்கையைப் பறிக்கும் உரிமை தமக்கு உண்டு என்பது அணியின் நிலைப்பாடாக இருந்தது.

சில ஆண்டுகளுக்குள் நிலைமை தலைகீழாக மாறியது. டிக்கெட்மாஸ்டர் நிறுவனத்துடன் இணைந்து கூட்டமைப்பே அலுவல்முறை மறுவிற்பனைத் தளம் ஒன்றை நிறுவியது. 2018 முதல் ஸ்டப்ஹப் நிறுவனமும் அங்கீகாரம் பெற்ற மறுவிற்பனையாளராக ஏற்கப்பட்டது. இதன் விளைவாக, மறுவிற்பனையில் ஒரே இருக்கையின் மீது இரண்டாம் முறையும் கட்டணம் பெறப்படுகிறது.

கட்டணங்களும் சட்டங்களும்

முகமதிப்புடன் சேவைக் கட்டணம், கையாளும் கட்டணம் எனப் பல கூடுதல் தொகைகள் சேர்க்கப்படுகின்றன. இவை கடைசிப் பக்கத்தில் மட்டும் காட்டப்பட்டதால், முதலில் கண்ட விலைக்கும் செலுத்திய விலைக்கும் பெரும் வேறுபாடு இருந்துவந்தது. ஐக்கிய அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் விதி 2025 மே 12 முதல் நடைமுறைக்கு வந்ததைத் தொடர்ந்து, கட்டாயக் கட்டணங்கள் அனைத்தையும் உள்ளடக்கிய மொத்த விலையைத் தொடக்கத்திலேயே காட்டுவது நாடு முழுவதும் கட்டாயமாயிற்று.

மென்பொருள் நிரல்களைப் பயன்படுத்தி, விற்பனை தொடங்கிய நொடிகளிலேயே மிகுதியான சீட்டுகளை வாங்கிக் குவிப்பது மற்றொரு சிக்கலாகும். ஒருவருக்கு இத்தனை சீட்டுகள் என்ற வரம்பை இந்நிரல்கள் பல பெயர்களில் நுழைந்து மீறுகின்றன. 2016 டிசம்பரில் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டம் இதைத் தடை செய்தது.

கையில் இல்லாத சீட்டை விற்பது மூன்றாவது சிக்கலாகும். பின்னர் விலை குறையும்போது வாங்கித் தரலாம் என்ற கணிப்பில் இடைத்தரகர்கள் முன்கூட்டியே விற்றுவிடுகின்றனர். 2015 பெப்ரவரி 1 அன்று கிளென்டேல் நகரில் நடைபெற்ற 49 ஆவது சூப்பர் போல் ஆட்டத்தின்போது விலை குறைவதற்கு மாறாகப் பன்மடங்கு உயர்ந்தது. தரகர்களால் சீட்டைத் தர இயலவில்லை. பணம் செலுத்தி, பயணமும் மேற்கொண்ட இரசிகர்கள் பலர் அரங்குக்கு வெளியே நிற்க நேர்ந்தது.

மின்னணுச் சீட்டு

நீண்டகாலம் வண்ணத்தாளில் அச்சிடப்பட்ட சீட்டுகள் அஞ்சலில் அனுப்பப்பட்டன. இரசிகர்கள் அவற்றை நினைவுப் பொருளாகச் சேர்த்து வைப்பதுண்டு. பின்னர் வீட்டில் அச்சிடும் சீட்டுகள் வந்தன. அவற்றை எத்தனை படிகளாகவும் எடுக்க முடிந்ததால், ஒரே சீட்டைப் பலருக்கு விற்கும் மோசடிக்கு அவை இடமளித்தன. முதலில் வாயிலை அடைந்தவரே உள்ளே செல்ல முடிந்தது.

தற்போது பெரும்பாலான அரங்குகளில் செல்பேசிச் சீட்டு மட்டுமே ஏற்கப்படுகிறது. டிக்கெட்மாஸ்டர் 2019 இல் அறிமுகப்படுத்திய முறையில், திரையில் தோன்றும் பட்டைக்குறி சில நொடிகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். எனவே அதைத் திரைப்படமாகப் பிடித்து அனுப்பினால் செல்லாது. சீட்டை மற்றவருக்குத் தர வேண்டுமெனில் செயலியின் வழியாகவே அவருடைய கணக்குக்கு மாற்ற வேண்டும். மாற்றியவுடன் பழைய குறி செயலிழந்து, புதியவர் பெயரில் வேறு குறி உருவாகும்.

இம்முறை போலிச் சீட்டுகளைப் பெருமளவு குறைத்துள்ளது. அதே வேளையில், சீட்டு யார் யாரிடம் கைமாறுகிறது என்ற முழு விவரமும் விற்பனை நிறுவனத்துக்கும் அணிக்கும் தெரியவருகிறது. மாற்றத்தை அனுமதிப்பதும் மறுப்பதும் அவர்கள் கையில் உள்ளது. திறன்பேசி இல்லாதோரும் முதியோரும் அணியின் அலுவலகத்தை முன்கூட்டியே அணுக வேண்டியுள்ளது.

தொலைக்காட்சி ஒளிபரப்புத் தடை

நுழைவுச்சீட்டு விற்பனையைக் காப்பதற்காக, அணி சொந்தக் களத்தில் ஆடும் ஆட்டத்தை அவ்வட்டாரத் தொலைக்காட்சியில் காட்டாமல் தடுக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. சீட்டுகள் முழுதும் விற்றிருந்தாலும் உள்ளூர் மக்களால் வீட்டிலிருந்து ஆட்டத்தைக் காண இயலாது. 1973 இல் ஐக்கிய அமெரிக்கப் பேரவை இயற்றிய சட்டம், ஆட்டத்துக்கு 72 மணி நேரத்துக்கு முன் சீட்டுகள் விற்றுத் தீர்ந்தால் உள்ளூரிலும் ஒளிபரப்ப வேண்டும் எனப் பணித்தது. சட்டம் காலாவதியான பின்னும் கூட்டமைப்பு அவ்விதியைப் பின்பற்றிவந்தது. 2012 இல் 85 விழுக்காடு விற்றாலே போதும் என அணிகள் தேர்ந்தெடுத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்டது.

கூட்டாட்சித் தொடர்பு ஆணையம் இத்தடைக்குத் துணைநின்ற தன் விதிகளை 2014 செப்டெம்பர் 30 அன்று நீக்கியது. 2015 பருவம் முதல் கூட்டமைப்பும் தடையை நிறுத்திவைத்தது. கூட்டமைப்பின் வருவாயில் நுழைவுச்சீட்டைக் காட்டிலும் தொலைக்காட்சி உரிமமே பெரும்பங்கு வகிப்பது இம்மாற்றத்தின் பின்னணியாகும்.

வெளியேற்றச் சுற்றும் சூப்பர் போலும்

வழமையான பருவத்துக்குப் பின் நடைபெறும் வெளியேற்றச் சுற்று ஆட்டங்கள், தரவரிசையில் மேலுள்ள அணியின் களத்தில் ஆடப்படுகின்றன. எதிரணி யாரென்று தெரியும் முன்பே சீட்டு விற்பனை தொடங்கிவிடும். ஆட்டம் நடைபெறாவிடில் பணம் திருப்பித் தரப்படும், அல்லது அடுத்த ஆண்டுக் கணக்கில் சேர்க்கப்படும். எதிரணி இரசிகர்கள் அரங்கை நிறைப்பதைத் தடுக்க, குறிப்பிட்ட வட்டாரத்தில் வசிப்போருக்கு மட்டும் விற்கும் அணிகளும் உண்டு. 2014 சனவரியில் சான் பிரான்சிசுகோ அணிக்கு எதிரான ஆட்டத்துக்கு, வாசிங்டன் உள்ளிட்ட சில மாநிலங்களிலும் கனடாவின் இரு மாகாணங்களிலும் வசிப்போருக்கு மட்டுமே சியாட்டில் சீஹாக்ஸ் அணி பொது விற்பனையை வரையறுத்தது. கலிபோர்னியா மாநிலம் அப்பட்டியலில் இடம்பெறவில்லை.

இறுதியாட்டமான சூப்பர் போல் முதன்முதலில் 1967 சனவரி 15 அன்று லாஸ் ஏஞ்சலசில் நடைபெற்றது. உயர்ந்தபட்சச் சீட்டின் விலை 12 டாலர்கள். வந்தவர்கள் 61,946 பேர். அரங்கின் மூன்றில் ஒரு பங்கு வெறுமையாக இருந்தது. இன்று இதன் சீட்டுகள் பொதுமக்களுக்கு நேரடியாகப் பெரிய அளவில் விற்கப்படுவதில்லை. ஆடும் இரு அணிகள், ஆட்டம் நடைபெறும் நகரின் அணி, ஏனைய அணிகள், கூட்டமைப்பு ஆகியோருக்கிடையே இவை பங்கிடப்படுகின்றன. ஆடும் அணிகள் தம் பங்கில் ஒரு பகுதியைப் பருவச்சீட்டாளருக்குக் குலுக்கல் முறையில் அளிக்கின்றன. மற்றவர்களுக்கு மறுவிற்பனையும், விருந்தோம்பல் சேவைகளுடன் சேர்த்து விற்கப்படும் தொகுப்புகளுமே வழியாகும்.

செல்லத்தக்க சீட்டு கையில் இருந்தும் இருக்கை கிடைக்காத நிகழ்வும் உண்டு. 2011 பெப்ரவரி 6 அன்று ஆர்லிங்டனில் நடைபெற்ற 45 ஆவது சூப்பர் போலுக்காக அமைக்கப்பட்ட தற்காலிக இருக்கைகளில் ஏறத்தாழ 1,250 உரிய நேரத்தில் பாதுகாப்புச் சான்று பெறவில்லை. ஏறத்தாழ 850 பேருக்கு மாற்று இருக்கை கிடைத்தது. எஞ்சிய 400 பேருக்கு அமர இடமே இல்லாமற் போயிற்று. முகமதிப்பின் மும்மடங்கைத் திருப்பித் தரக் கூட்டமைப்பு முன்வந்தது. எனினும் பலர் வழக்குத் தொடுத்தனர்.

வெளிநாட்டு ஆட்டங்கள்

2007 முதல் வழமையான பருவத்தின் சில ஆட்டங்கள் இலண்டனில் நடைபெற்றுவருகின்றன. செருமனியில் முதல் ஆட்டம் 2022 நவம்பர் 13 அன்று மியூனிக் நகரில் நடைபெற்றது. ஏறத்தாழ 70,000 பேர் அமர்ந்த அவ்வரங்குக்கு 30 இலட்சம் சீட்டுகள் வரை விற்றிருக்க முடியும் என டிக்கெட்மாஸ்டர் மதிப்பிட்டது. 2024 இல் பிரேசிலின் சாவோ பாவுலோ நகரிலும் ஆட்டம் நடத்தப்பட்டது. இத்தகைய ஆட்டங்களுக்குச் சீட்டு வாங்க முன்பதிவு செய்துகொண்டு இணைய வரிசையில் காத்திருக்க வேண்டும். சொந்தக் களத்து ஆட்டம் ஒன்றை வெளிநாட்டுக்கு இழக்கும் அணியின் பருவச்சீட்டாளருக்கு அவ்வாண்டு ஓர் ஆட்டம் குறைகிறது.

நுழைவுச்சீட்டின் சட்டத் தன்மை

நுழைவுச்சீட்டு என்பது திரும்பப் பெறத்தக்க அனுமதியே, அது இடத்தின் மீதான உடைமை உரிமையைத் தராது என்று ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1913 ஆம் ஆண்டு குதிரைப் பந்தயம் தொடர்பான ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. காற்பந்தாட்டச் சீட்டுகளின் பின்புறத்திலோ செயலியிலோ காணப்படும் விதிகளும் இதையே கூறுகின்றன. ஒழுங்கீனமாக நடந்துகொள்பவரை வெளியேற்றும் அதிகாரமும், பருவச்சீட்டைப் புதுப்பிக்க மறுக்கும் அதிகாரமும் அணிக்கு உண்டு.

இக்கருத்தை மேலும் தெளிவாக்கியது 2010 ஆம் ஆண்டு மேல்முறையீட்டுத் தீர்ப்பாகும். 2007 செப்டெம்பர் 9 அன்று நியூயார்க் ஜெட்ஸ் அணியின் சைகைகளை பேட்ரியட்ஸ் அணியினர் விதிக்கு மாறாகப் படம் பிடித்தது கண்டறியப்பட்டு, கூட்டமைப்பு அவ்வணிக்குத் தண்டம் விதித்தது. நேர்மையற்ற ஆட்டத்துக்குப் பணம் செலுத்த நேர்ந்தது என்று கூறி, ஜெட்ஸ் அணியின் பருவச்சீட்டாளர் ஒருவர் இழப்பீடு கோரினார். சீட்டு அவருக்கு அளித்தது அரங்கினுள் அமர்ந்து இரு அணிகளும் ஆடுவதைக் காணும் உரிமையை மட்டுமே, அவர் அதைக் கண்டுவிட்டார் என்று கூறி நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது.

ஆட்டமே நடைபெறாதபோது நிலைமை வேறு. 2014 நவம்பரில் கடும் பனிப்பொழிவால் பஃபலோ நகரின் ஆட்டம் டெட்ராய்ட் நகருக்கு மாற்றப்பட்டு, அங்குச் சீட்டுகள் இலவசமாக வழங்கப்பட்டன. கொரோனாப் பெருந்தொற்று நிலவிய 2020 பருவத்தில் பல அணிகள் பார்வையாளரின்றி ஆடின. பருவச்சீட்டாளர்கள் பணத்தைத் திரும்பப் பெறவோ அடுத்த ஆண்டுக்கு மாற்றவோ வாய்ப்பளிக்கப்பட்டது.

வாங்குவோர் அறிய வேண்டியவை

- மறுவிற்பனையில் வாங்கும்போது அங்கீகாரம் பெற்ற தளங்களையே பயன்படுத்துதல் நன்று. பகுதி, வரிசை, இருக்கை எண் ஆகியவை குறிக்கப்படாத சீட்டு விற்பவரின் கையில் இல்லாததாக இருக்கலாம்.
- சீட்டு தம் கணக்குக்கு மாற்றப்பட்டதை ஆட்ட நாளுக்கு முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும். அரங்கின் அருகில் இணைய இணைப்பு நெரிசலால் தடைபடக்கூடும் என்பதால் செல்பேசியில் முன்கூட்டியே சேமித்து வைத்தல் பயனுள்ளது.
- இருக்கை உரிமம் வாங்குவோர் அதன் கால அளவு, பிறருக்கு விற்கும் விதி, அணி இடம்பெயர்ந்தால் என்ன ஆகும் என்பவற்றை ஒப்பந்தத்தில் படித்தறிதல் வேண்டும்.
- 2013 முதல் அரங்கினுள் ஒளி ஊடுருவும் பைகள் மட்டுமே அனுமதிக்கப்படுகின்றன. இவற்றின் அளவு 12 அங்குல நீளம், 6 அங்குல அகலம், 12 அங்குல உயரத்துக்கு மிகாதிருக்க வேண்டும். உள்ளங்கை அளவிலான சிறு கைப்பைக்கும் மருத்துவத் தேவைப் பொருள்களுக்கும் விலக்கு உண்டு.
- வாகன நிறுத்தத்துக்குப் பல அரங்குகளில் தனிச்சீட்டு வாங்க வேண்டும். முக்கிய ஆட்டங்களின்போது அதன் விலை, சாதாரண ஆட்டம் ஒன்றின் நுழைவுச்சீட்டுக்கு ஈடாக உயர்வதும் உண்டு.